அப்பாவோட மாத்திரை எனக்கு எதுக்கு? ஒரு 6 மில்லிமீட்டர் கல்லின் கதை

இந்த வாரம் ராஜாக்கள் கிடையாது, போர் கிடையாது. ஒரு கேப்ஸ்யூலோட வரலாறுதான்.

ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும். ஒரு ரிலீஸை முடிச்சிட்டு லேப்டாப்பை மூடுறேன், இடது பக்க இடுப்புக்கு மேல ஏதோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்துல தரையில உருண்டுட்டு இருந்தேன். உட்கார முடியல, படுக்க முடியல, நிக்கவும் முடியல. ரூம்மேட் வண்டியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோய் எமர்ஜென்சியில சேர்த்தான். டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, சிடி ஸ்கேன் எடுத்தாங்க. இடது யூரிட்டரோட அடிப்பகுதியில, சிறுநீர்ப்பைக்குக் கொஞ்சம் மேல, 6 மில்லிமீட்டர்ல ஒரு கல்.

டாக்டர் ரொம்ப நிதானமா, "நாலு வாரம் பார்ப்போம், தானா வெளிய வந்துரலாம்"னு சொல்லி வலி மாத்திரையோட இன்னொரு கேப்ஸ்யூலும் எழுதினார். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், ராத்திரி ஒண்ணு.

மறுநாள் அம்மா அப்பா ஊர்லேருந்து வந்தாங்க. அப்பா தன்னோட மருந்து டப்பாவைத் திறந்தார். அதே கேப்ஸ்யூல்! அப்பாவுக்கு வயசு 64, ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக ரெண்டு வருஷமா சாப்பிடுறார். எனக்கு 28. என் மருந்தோட வந்த தாளைப் பிரிச்சுப் படிச்சா, அதுலயும் ப்ராஸ்டேட் மட்டும்தான் இருக்கு. கல்லைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

தப்பா எழுதிட்டாரோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தப்பு இல்ல. ஆனா அந்த மருந்து எப்படி இங்க வந்ததுன்னு தேடப் போனா, எகிப்து, இத்தாலி, ஜப்பான், பிரிட்டன்னு கதை எங்கெங்கயோ போகுது. எனக்கு வலியில்லாத நேரமெல்லாம் அதைப் படிக்கிறதுலயே போச்சு.

முதல்ல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துருவோம். கிட்னியையும் சிறுநீர்ப்பையையும் இணைக்குற குழாய்தான் யூரிட்டர். நீளம் 25லேருந்து 30 சென்டிமீட்டர். உள்விட்டம் சில மில்லிமீட்டர்தான். இது சும்மா கிடக்குற பைப் இல்ல. சுவர்ல தசை இருக்கு, மண்புழு நகர்ற மாதிரி அலை அலையா சுருங்கி சிறுநீரைக் கீழ தள்ளும். கல் வந்து மாட்டினா, அந்த இடத்துல தசை இறுக்கிப் பிடிக்கும். பின்னாடி சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறும், கிட்னி விரியும். உருள வைக்குற வலிக்குப் பெரிய காரணம் அந்த அழுத்தம்தான். கல்லு முள்ளா இருந்து குத்துறதுதான் வலின்னு நான் நினைச்சிட்டு இருந்தேன்.

நம்ம மொழியில இதுக்கு இருக்கிற பழைய பேரு கல்லடைப்பு. எவ்வளவு சரியான பேரு பாருங்க. பிரச்சினை கல்லுல இல்ல, அடைப்புலதான்னு பேருலயே இருக்கு.

அடைப்புதான் பிரச்சினைன்னா, இறுக்கிப் பிடிச்சிருக்கிற தசையைத் தளர்த்தினா போதுமே? கல்லை உடைக்க வேணாம், கரைக்க வேணாம். வழி விடச் சொன்னா போதும். இந்த யோசனை ரொம்பப் பழசு.

எகிப்துல கெல்லான்னு ஒரு செடி இருக்கு. கொத்தமல்லி குடும்பம். பூங்கொத்து காய்ஞ்சா அதோட காம்புகளைப் பல்குச்சியா பயன்படுத்துவாங்க. விதையைக் கொதிக்க வச்சுக் கல்வலிக்குக் குடிக்குறது அங்க நாட்டு வைத்தியம். 1940கள்ல கெய்ரோவுல உடலியல் பேராசிரியரா இருந்தவர் க்ளெப் ஆன்ரெப். ரஷ்யாக்காரர். நாய், மணிச்சத்தம், எச்சில்னு ஸ்கூல்ல படிச்சோமே பாவ்லோவ், அவரோட லேப்ல வேலை பார்த்தவர், அவர் புத்தகத்தை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவரும் இவர்தான். ஆன்ரெப்போட லேப்ல ஒரு டெக்னீஷியனுக்கு நெஞ்சுவலி இருந்தது. அந்த மனுஷன் யூரிட்டர் கல்லுக்காகக் கெல்லா குடிக்க ஆரம்பிச்சார். நெஞ்சுவலி குறைஞ்சுபோச்சு.

ஆன்ரெப் அதை விடல. கெல்லாவுல இருக்கிற கெல்லின்ங்கிற பொருள் ரத்தக்குழாய்த் தசையையும் தளர்த்துதுன்னு கண்டுபிடிச்சார். அதைப் பிடிச்சுக்கிட்டுப் போன பெல்ஜியத்தோட லபாஸ் கம்பெனி வேதியியலாளர்கள் 1961ல அமியோடரோன் செஞ்சாங்க. முதல்ல நெஞ்சுவலி மருந்தா வந்து, இன்னைக்கு இதயத்துடிப்பு தாறுமாறா போறப்போ ஐசியூக்கள்ல ஏத்துற மருந்து அது. இன்னொரு பக்கம், இங்கிலாந்துல ராஜர் அல்டூன்யான்னு ஒரு டாக்டர். அவருக்கே ஆஸ்துமா. கெல்லினை ஒட்டிச் செஞ்ச பொருட்களை ஒவ்வொண்ணா தன் மேலயே சோதிச்சுப் பார்த்தார், வேணும்னே ஆஸ்துமாவை வரவழைச்சுக்கிட்டு! 1965ல அதுலேருந்து குரோமோக்ளைகேட் கிடைச்சது. ஆஸ்துமா தடுப்பு மருந்து. (இவர் சின்னப் பையனா இருந்தப்போதான் எழுத்தாளர் ஆர்தர் ரான்சம் ஒரு நாவல்ல ராஜர்ங்கிற பாத்திரத்தை இவர் பேர்லயே வச்சார். இது நம்ம கதைக்குத் தேவையே இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.)

அதாவது கல்லை வெளியேத்தக் குடிச்ச ஒரு கஷாயம் இதயத்துக்கு ஒரு மருந்து, நுரையீரலுக்கு ஒரு மருந்துன்னு ரெண்டு கிளை விட்டது. கல்லுக்கு மட்டும் ஒண்ணும் பெருசா கிடைக்கல. எனக்கு இதுல கொஞ்சம் கோபம் கூட வந்தது.

கல்லுக்கான பதில் வேற ரூட்ல வந்தது. 1948ல அமெரிக்காவுல ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலின் மாதிரியான பொருட்களுக்கு உடம்புல ரெண்டு வகை ரிசெப்டர் இருக்கணும்னு சொன்னார். ஆல்ஃபா, பீட்டா. ஒரு ஃபங்ஷனை ரெண்டு விதமான இன்டர்ஃபேஸ் வழியா கூப்பிடுற மாதிரின்னு வச்சுக்கோங்க. 1970ல வந்த ஒரு ஆய்வு, மனித யூரிட்டர்லயும் இந்த ரிசெப்டர்கள் இருக்குன்னு காட்டிச்சு. ஆல்ஃபாவைத் தூண்டினா யூரிட்டர் சுருங்கும். அப்போ ஆல்ஃபாவைத் தடுத்தா தளரும். பதில் 1970லயே கையில இருந்தது. ஆனா அன்னைக்கு இருந்த ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் உடம்பு முழுக்க வேலை செய்யும், ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நின்னா தலை சுத்தும். கல்லுக்காக அதைக் கொடுக்க யாருக்கும் மனசு வரல போல.

ஜப்பான்ல யமனோச்சி கம்பெனி ப்ராஸ்டேட்டுக்காக ஒரு ஆல்ஃபா தடுப்பானைத் தேடிச்சு. ரத்தக்குழாயை ரொம்பத் தொடாம, ப்ராஸ்டேட்ல அதிகமா இருக்கிற துணைவகையை மட்டும் பிடிக்கணும். அப்படி வந்ததுதான் டாம்சுலோசின். 1993ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்தது, 1997ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அந்தத் துணைவகை ரிசெப்டர்கள் யூரிட்டரோட அடிப்பகுதியிலயும் நிறைய இருக்கு. என் கல்லு உட்கார்ந்திருந்த அதே இடம்.

இதுக்கு நடுவுல இத்தாலி. 1994ல பார்மா நகரத்துல லோரிஸ் போர்கி குழு 86 பேர்கிட்ட நிஃபெடிபின்ங்கிற பிரஷர் மாத்திரையைச் சோதிச்சது. ரெண்டு பக்கமும் ஒரு ஸ்டீராய்டு உண்டு. நிஃபெடிபின் சேர்த்துச் சாப்பிட்டவங்கள்ல 87% பேருக்குக் கல் வெளிய வந்தது, சேர்க்காதவங்கள்ல 65%. 2003ல அங்கோனா நகரத்துலேருந்து டெல்லபெல்லா குழுவோட முடிவு வந்தது. 60 பேர், பாதிப் பேருக்கு டாம்சுலோசின், மீதிப் பேருக்கு வேற ஒரு தசை தளர்த்தி. டாம்சுலோசின் பக்கம் 100%, இன்னொரு பக்கம் 70%.

நூத்துக்கு நூறு! ஒரு இன்ஜினியரா எனக்கு இந்த மாதிரி நம்பரைப் பார்த்தா சந்தோஷத்தை விட சந்தேகம்தான் வரும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனா, டெஸ்ட் ஓடுச்சான்னு முதல்ல பார்ப்போம் இல்லையா. ஒரு பக்கம் வெறும் 30 பேர்தான். ஆனா அடுத்தடுத்து வந்த சின்னச் சின்ன ஆய்வுகளும் அதே திசையில சொல்லிச்சு. 2006ல ஹாலிங்ஸ்வர்த் குழு 9 ஆய்வுகளை, மொத்தம் 693 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு லான்செட் இதழ்ல வெளியிட்டது. மருந்து எடுத்தவங்களுக்குக் கல் வெளியேற வாய்ப்பு 65% அதிகம். பெரிய, தரமான ஆய்வு ஒண்ணு வேணும்னு அவங்களே எழுதியிருந்தாங்க. அடுத்த வருஷமே, 2007ல, அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கங்களோட வழிகாட்டியில இந்த சிகிச்சை சேர்ந்துருச்சு. உலகம் முழுக்க டாக்டர்கள் எழுத ஆரம்பிச்சாங்க. பெரிய ஆய்வு வேணும்ங்கிற வரியை எத்தனை பேர் படிச்சாங்களோ.

படிச்சவங்க பிரிட்டன்ல இருந்தாங்க. ராபர்ட் பிக்கர்ட், சாம் மெக்ளின்டன் தலைமையில சஸ்பெண்ட்னு ஒரு ஆய்வு. 24 ஆஸ்பத்திரி, 1167 பேர். அரசாங்கத்தோட ஆராய்ச்சிப் பணம், மருந்துக் கம்பெனி காசு இல்ல. குலுக்கல் முறையில மூணு குழு: டாம்சுலோசின், நிஃபெடிபின், ப்ளசிபோ, அதாவது மருந்தே இல்லாத டம்மி கேப்ஸ்யூல். யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, பார்க்குற டாக்டருக்கும் தெரியாது. முந்தைய ஆய்வுகள் பலதுல இந்த மறைப்பே கிடையாது. மருந்து சாப்பிடுறோம்னு தெரிஞ்சா நோயாளி இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப்பார், டாக்டரும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார். அந்த ரெண்டு நாள்ல கல்லு தானா வந்துரும். பேரு மருந்துக்கு.

கேள்வியும் நேரடியான கேள்வி: நாலு வாரத்துக்குள்ள வேற சிகிச்சை தேவைப்படாம இருந்தவங்க எத்தனை பேர்?

2015ல லான்செட்ல முடிவு வந்தது. டாம்சுலோசின் 81%. நிஃபெடிபின் 80%. ப்ளசிபோ 80%.

இதை ஃபோன்ல படிக்கும்போது நான் கட்டில்ல படுத்திருக்கேன், பக்கத்துல தண்ணி பாட்டில், கையில அன்னைக்கு ராத்திரிக்கான கேப்ஸ்யூல். முழுங்கலாமா வேணாமா? ஏ/பி டெஸ்ட்ல ரெண்டு வெர்ஷனுக்கும் வித்தியாசம் இல்லன்னு வந்தா நாங்க அந்த ஃபீச்சரைத் தூக்கிருவோம்.

ஆனா அந்த 80%ஐ இன்னொரு தடவை பாருங்க. டம்மி கேப்ஸ்யூல் சாப்பிட்டவங்கள்ல அஞ்சுல நாலு பேருக்கு வேற எதுவும் தேவைப்படல. ஏன்னா அந்த ஆய்வுல பெரும்பாலானவங்களுக்கு இருந்தது 5 மில்லிமீட்டர் இல்லன்னா அதுக்கும் கீழ. அந்த அளவு கல் பெரும்பாலும் தானாவே இறங்கிரும். ஏற்கனவே சரியா ஓடுற ரோட்ல ட்ராஃபிக் போலீஸை நிறுத்தி அவரால என்ன பிரயோஜனம்னு அளந்த மாதிரி. இன்னொரு குறையும் சொன்னாங்க: கடைசியில எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துக் கல் போச்சான்னு பார்க்கல. வேற சிகிச்சை தேவைப்பட்டதான்னுதான் கேட்டாங்க.

பெரிய கல்லுக்கு என்ன ஆகும்? 2016ல ஆஸ்திரேலியாவுலேருந்து ஃப்யூரிக் குழுவோட ஆய்வு வந்தது. 403 பேர், எல்லாருக்கும் யூரிட்டரோட அடிப்பகுதியில கல். மொத்தமா பார்த்தா 87%க்கு 82%, பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா 5லேருந்து 10 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள கல்லை மட்டும் பிரிச்சுப் பார்த்தா, மருந்து பக்கம் 83%, ப்ளசிபோ பக்கம் 61%. எழுந்து உட்கார்ந்தேன். என்னோடது 6 ஆச்சே.

கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்னு நினைக்கிறேன். அந்தப் பிரிவுல இருந்தது 77 பேர்தான். டேட்டாவை வெட்டிக்கிட்டே போனா எங்கயாவது ஒரு நல்ல நம்பர் கிடைச்சே தீரும், இதை என் வேலையில நானே பலபேருக்குச் சொல்லியிருக்கேன். ஆனா அதுக்கப்புறம் சீனாவுல 30 மையங்கள்ல 3296 பேர்கிட்ட ஒரு ஆய்வு நடந்தது, 4லேருந்து 7 மில்லிமீட்டர் வரைக்குமான கல், யூரிட்டர் அடிப்பகுதி. டாம்சுலோசின் 86%, ப்ளசிபோ 79%. பலன் தெரிஞ்சது 5க்கு மேல உள்ள கல்லுலதான். 2018ல அமெரிக்காவுல எமர்ஜென்சிக்கு வந்த 512 பேர்கிட்ட மெல்ட்சர் குழு பார்த்தப்போ 50%க்கு 47%, அதாவது ஒண்ணுமில்ல. ஆனா அங்க கல்லோட சராசரி அளவு 4 மில்லிமீட்டர் கூட இல்ல.

இப்போ அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் வழிகாட்டிகள் மூணுமே மருந்தை விடல, ஆனா யூரிட்டர் அடிப்பகுதிக் கல்லுன்னு சுருக்கிட்டாங்க. ஐரோப்பியர்கள் 5 மில்லிமீட்டருக்கு மேலன்னும் சேர்த்துச் சொல்றாங்க. சின்னக் கல்லா? வலி மாத்திரையும் பொறுமையும் போதும். 6, 7, 8 மாதிரி இருந்தா மருந்து கொஞ்சம் தள்ளிவிடும். சீனக் கணக்குப்படி பார்த்தா 14 பேர் சாப்பிட்டா ஒருத்தருக்குக் கூடுதலா பலன். நான் அந்த ஒருத்தனா, மீதி 13 பேர்ல ஒருத்தனான்னு எந்த ஸ்கேனும் சொல்லாது.

நான் முழுங்கினேன். தினமும் முழுங்கினேன். எழுந்து நிக்கும்போது லேசா தலை சுத்துச்சு. இன்னொரு பக்கவிளைவு இருக்கு, ஆண்களுக்கு விந்து வெளியேறுறதுல மாற்றம் தெரியலாம். டாக்டர் அதைச் சொல்லல, நான் தாள்ல படிச்சேன். சொல்லாததுக்குக் காரணம் பக்கத்துல அம்மா உட்கார்ந்திருந்தாங்க, அவ்வளவுதான்னு நினைக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் கூடவே சொல்லிருறேன்: கல்லோட காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தா காத்திருக்கிற கதையெல்லாம் கிடையாது. அடைபட்ட சிறுநீர்ல கிருமி சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. நேரம் பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

பதினொண்ணாவது நாள் காலையில கல்லு வந்தது. டீ வடிகட்டி ஒண்ணைத் தனியா ஒதுக்கி வச்சிருந்தேன், அதுல டிங்குன்னு ஒரு சத்தம். பழுப்பு நிறத்துல, மிளகை விடச் சின்னதா, கரடுமுரடா இருந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். அம்மா பார்த்துட்டு, "நான்தான் சொன்னேனே, வாழைத்தண்டு ஜூஸ்"னாங்க. பதினொரு நாளும் விடிகாலையில அரைச்சு வடிகட்டிக் கொடுத்தது அவங்கதான். டாக்டர்கிட்ட போனா, "பார்த்தீங்களா, மருந்து வேலை செஞ்சிருச்சு"ன்னார். சஸ்பெண்ட் ஆய்வோட ப்ளசிபோ குழுவைப் பத்தி நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசல.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா மெதுவா கேட்டார்: "ஏன்டா, நீ இவ்வளவு படிச்சியே, இந்த மாத்திரையைப் பத்தி எனக்கு ஏதாவது இருக்கா அதுல?"

இருந்தது. 2005ல டேவிட் சாங், ஜான் கேம்பெல்னு ரெண்டு அமெரிக்கக் கண் டாக்டர்கள் ஒண்ணைக் கவனிச்சாங்க. கண்புரை ஆபரேஷன் நடக்கும்போது சிலருக்குக் கருவிழிப் படலம் தொளதொளன்னு ஆடுது, பாப்பா நடுவுலயே சுருங்கிருது. அவங்கள்ல பலர் டாம்சுலோசின் சாப்பிடுறவங்க. கண்ணோட அந்தத் தசையிலயும் அதே ஆல்ஃபா ரிசெப்டர் இருக்கு. முன்கூட்டியே தெரிஞ்சா சர்ஜன் அதுக்குத் தகுந்த மாதிரி தயாரா இருப்பார். சில நாள் முன்னாடி மாத்திரையை நிறுத்திட்டா மட்டும் சரியாயிரும்னு நம்ப முடியாது.

அப்பாவுக்கு அடுத்த மாசம் வலது கண்ணுல புரை ஆபரேஷன். அட்மிஷன் ஃபார்ம்ல சாப்பிடுற மருந்துகள்னு கேட்ட இடத்துல சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மட்டும் எழுதியிருந்தார். "இது ஒண்ணுக்குப் போற மாத்திரைதானேடா, கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்"னார்.

மறுநாள் காலையில கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிப் பேரைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் சிஸ்டர், "டாம்சுலோசினா? எத்தனை வருஷமா சார்?"னு கேட்டு எழுதிக்கிட்டாங்க.